டமாஸ்கஸா, அலெப்போவா, அஸ்கலோனா? 1148இல் சிலுவைப் படை எதைத் தேர்ந்திருக்க வேண்டும்

1148 ஜூன் 24 அன்று, அக்கோ துறைமுகத்துக்கு அருகே பால்மரேயா என்ற இடத்தில் ஓர் அவை கூடியது. ஜெர்மனியின் அரசர் மூன்றாம் கொன்ராட், பிரான்சின் அரசர் ஏழாம் லூயி, அப்போது பதினெட்டு வயதான ஜெருசலேம் அரசர் மூன்றாம் பால்ட்வின், அவருடைய தாய் மெலிசெண்ட், டெம்ப்ளர், ஹாஸ்பிடலர் ஆகிய இரு துறவற வீரர் அமைப்புகளின் தலைவர்கள், ஆயர்கள், பிரபுக்கள் என்று பெரிய கூட்டம். பேசவேண்டிய விஷயம் ஒன்றுதான்: ஐரோப்பாவிலிருந்து இவ்வளவு தூரம் வந்தாயிற்று, எந்த நகரத்தைத் தாக்குவது?

முடிவு டமாஸ்கஸ். ஜூலை 24 அன்று அந்நகரத்தின் முன் போய் நின்றார்கள். 28 அன்று திரும்பி நடந்தார்கள். இரண்டாம் சிலுவைப் போர் கிழக்கில் நடத்திய ஒரே பெரிய தாக்குதல் இந்த ஐந்து நாள்தான்.

'நட்பு நகரத்தைத் தாக்கிய மூடத்தனம்' என்பது இந்த முடிவின் மேல் வழக்கமாக ஒட்டப்படும் முத்திரை. அவையில் இருந்தவர்கள் மூடர்கள் அல்லர். பலர் அந்த மண்ணிலேயே வாழ்ந்தவர்கள். அவர்கள் முன் இருந்த வாய்ப்புகளை ஒரே அளவுகோலால் அளந்து பார்த்தால், தவறு நகரத் தேர்வில் இருந்ததைவிட வேறோர் இடத்தில் அதிகமாக இருந்தது தெரியவரும்.

கையில் என்ன இருந்தது

படை பெரிது என்றுதான் எல்லா நூல்களும் சொல்கின்றன. டமாஸ்கஸ் வரலாற்றாசிரியர் இப்னு அல்-கலானிசி 50,000 பேர் என்கிறார். அந்தக் கால எண்ணிக்கைகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எண்ணிக்கையைவிட முக்கியமானது படையின் உள்ளமைப்பு.

கொன்ராட் கொண்டுவந்த படை 1147 அக்டோபரில் அனத்தோலியாவில், டோரிலேயம் அருகே செல்ஜூக் துருக்கியரிடம் சிதைந்துபோனது. அவரே நோயுற்று கான்ஸ்டான்டினோபிளுக்குத் திரும்பி, பைசாந்தியப் பேரரசர் மானுவேல் கொடுத்த பணத்துடனும் கப்பல்களுடனும் அக்கோ வந்து, அங்கு கிடைத்த யாத்திரிகர்களைக் கூலிக்குச் சேர்த்தார். லூயியின் கதை இன்னும் மோசம். 1148 ஜனவரியில் காட்மஸ் மலையில் அடி வாங்கி அட்டாலியா துறைமுகத்துக்கு வந்தபோது கப்பல்கள் போதவில்லை. அரசரும் குதிரை வீரர்களும் ஏறிக்கொண்டார்கள். காலாட்களும் ஏழை யாத்திரிகர்களும் கரையில் விடப்பட்டார்கள். அவர்களில் மிகச் சிலரே சிரியா வந்துசேர்ந்தார்கள்.

முற்றுகையில் இது நேராக உதைக்கும். முற்றுகை காலாட்களின் வேலை. அகழியைத் தூர்ப்பது, மரம் வெட்டுவது, கல்லெறி பொறிகளை இழுத்துப் பூட்டுவது, மதிலடியில் சுரங்கம் தோண்டுவது, இரவுக்காவலை முறைவைத்து மாற்றுவது என்று எல்லாமே நடந்து வந்தவனின் தோளில்தான் விழும். வெட்டவெளியில் பகைவரை மோதிச் சிதறடிக்கக் கவசக் குதிரைப்படைக்கு நிகரில்லை. மதிலுக்கு முன்னால் அதே குதிரை தீனி தின்னும் சுமை.

அடுத்தது காலம். கொன்ராட் செப்டம்பர் 8 அன்று அக்கோவிலிருந்து கப்பலேறிவிட்டார். அவை கூடிய நாளிலிருந்து கணக்கிட்டால் சுமார் 11 வாரம். அந்தப் பகுதியில் முந்தைய முற்றுகைகள் எடுத்த காலத்தோடு ஒப்பிடுங்கள். அந்தியோக்கியா, 1097–98: ஏறத்தாழ எட்டு மாதம். ஜெருசலேம், 1099: ஐந்து வாரம். தீரு, 1124: ஐந்து மாதத்துக்குச் சற்றுக் குறைவு. 1144இல் மோசூலையும் அலெப்போவையும் ஆண்ட ஸெங்கி, சிலுவைப் படையினர் வசமிருந்த எடெஸ்ஸாவைப் பிடித்தது நான்கு வாரத்தில். அதுவும் அதன் கோமகன் இரண்டாம் ஜோசலின் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, தேர்ந்த சுரங்கத் தொழிலாளர்களை வைத்து. ஆக, நன்றாக அமைந்தால் நான்கைந்து வாரம், இல்லாவிட்டால் பல மாதம். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு நகரங்களுக்கு வருவோம்.

எடெஸ்ஸா: பெயருக்கு மட்டும்

இந்தச் சிலுவைப் போரை மூட்டியதே எடெஸ்ஸாவின் வீழ்ச்சி. அதனால் அதை மீட்பதுதானே முறை என்று தோன்றும். ஆனால் 1146 இறுதியில் ஜோசலின் நகரத்துக்குள் மறுபடி நுழைந்து, ஸெங்கியின் மகன் நூருத்தீன் வந்து துரத்தியபோது, நகரத்தின் கிறிஸ்தவ மக்கள் கொல்லப்பட்டார்கள் அல்லது அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள், அரண்களும் பாழாயின. மீட்டாலும் குடியிருக்க ஆளில்லை, காக்க மதிலில்லை. அக்கோவிலிருந்து நேர்கோட்டிலேயே ஏறத்தாழ 580 கிலோமீட்டர். வழியில் அலெப்போ பக்கவாட்டில் நிற்கிறது. யாரும் இதைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளாததில் வியப்பில்லை.

அலெப்போ: சரியான நகரம், தவறிய மாதம்

உண்மையான எதிரி எங்கே இருந்தான் என்று கேட்டால் விடை அலெப்போதான். ஸெங்கி 1146 செப்டம்பரில் கொலையுண்டபின் அவருடைய ஆட்சி இரண்டாகப் பிரிந்தது: மோசூல் மூத்த மகன் சைஃபுத்தீன் காஸிக்கு, அலெப்போ இளையவர் நூருத்தீனுக்கு. புதிய ஆட்சி வேரூன்றும் முன் அடிப்பது எப்போதும் நல்ல யோசனை. அந்தியோக்கியாவிலிருந்து அலெப்போ 90 கிலோமீட்டர் அளவே. அடித்தளம், உணவுக் கிடங்கு, பின்வாங்கும் இடம் எல்லாம் அந்தியோக்கியாவிலேயே கிடைக்கும்.

1148 மார்ச்சில் லூயி அந்தியோக்கியாவில் வந்திறங்கியபோது அதன் இளவரசர் ரேமண்ட் கேட்டதும் இதைத்தான்: அலெப்போவையும் ஷைஸரையும் தாக்குவோம். லூயி மறுத்தார். முதலில் ஜெருசலேம் யாத்திரை நேர்த்திக்கடன் என்றார். ரேமண்ட் லூயியின் மனைவி எலியனோருக்குச் சிற்றப்பா. அவர்கள் இருவரைப் பற்றியும் கிளம்பிய வதந்தியில் மனக்கசப்பு முற்றி, மனைவியை ஏறக்குறைய இழுத்துக்கொண்டு லூயி தெற்கே போனார். அக்கோ அவைக்கு ரேமண்ட் வரவில்லை. ஜோசலினும் வரவில்லை, திரிப்போலிக் கோமகனும் வரவில்லை. அலெப்போவுக்காகப் பேச அவையில் ஒருவரும் இல்லை என்பது இதன் பொருள்.

பேச ஆள் இருந்திருந்தாலும் அலெப்போவின் முன்வரலாறு நம்பிக்கை தருவதில்லை. 1124 அக்டோபரில் இரண்டாம் பால்ட்வின் முற்றுகையிட்டார். நகரம் பட்டினியால் துவண்ட நிலையில், 1125 ஜனவரியில் மோசூலிலிருந்து அல்-புர்சுகி படையோடு வந்து விடுவித்தார். 1138இல் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் ஜான், ரேமண்டையும் ஜோசலினையும் சேர்த்துக்கொண்டு வந்து, மதிலைப் பார்த்துவிட்டு ஷைஸருக்குத் திரும்பினார், அங்கும் வெல்லவில்லை. இரண்டு பாடங்கள் இதில் உண்டு. அலெப்போவுக்கு மோசூலிலிருந்து உதவி வரும். உயர்ந்த குன்றின் மேல் தனிக்கோட்டை இருப்பதால், ஊருக்குள் புகுந்த பிறகும் இரண்டாவது முற்றுகை ஒன்று பாக்கி நிற்கும்.

இன்னொரு சிக்கல் பைசாந்தியம். 1137 உடன்படிக்கைப்படி, அலெப்போ, ஷைஸர், ஹமா, ஹோம்ஸ் ஆகியவை கைக்கு வந்தால் அவை ரேமண்டுக்கு. அதற்கு ஈடாக அந்தியோக்கியா பேரரசருக்கு. கொன்ராட் மானுவேலின் உறவினர், அவருடைய காசில் நிற்பவர். லூயியின் ஆட்களோ பைசாந்தியத்தின் பெயரைக் கேட்டாலே பல்லைக் கடிப்பவர்கள். அலெப்போவைப் பிடித்தால் முதல் வாரத்திலேயே இந்தப் பழைய சீட்டு வெளியே வந்திருக்கும்.

ஏப்ரல் தொடக்கத்தில், லூயி அந்தியோக்கியாவில் இருந்தபோது, அலெப்போ முதலிடத்துக்குத் தகுதியான வாய்ப்பு. ஜூன் இறுதியில் படை முழுதும் தெற்கே வந்துவிட்டது. மறுபடி 400 கிலோமீட்டருக்கு மேல் கோடையில் வடக்கே நடக்கவேண்டும். அந்த வாய்ப்பை அவை நிராகரிக்கவில்லை. லூயி மூன்று மாதம் முன்பே மூடிவிட்டிருந்தார்.

அஸ்கலோன்: மெதுவான வாய்ப்பு

தென்கடலோரத்தில் பாத்திமிய எகிப்தின் கடைசித் துறை அஸ்கலோன். அங்கிருந்து கிளம்பும் படைகள் ஜெருசலேம் அரசின் தென்பகுதியைச் சூறையாடி வந்தன. அதை நெரிக்க ஜெருசலேம் அரசர் ஃபுல்க் பத்தாண்டுக்கு முன்பே கோட்டைகளைக் கட்டத் தொடங்கியிருந்தார்: 1136 வாக்கில் பெத்கிபெலின், 1141இல் இபெலின், 1142இல் பிளான்ஷ்கார்ட். அதாவது முற்றுகைக்கான அடித்தளங்கள் தயார். நான்கு வாய்ப்புகளில் இந்த அளவு முன்னேற்பாடு இருந்தது இதற்கு மட்டும்தான்.

அக்கோவிலிருந்து நேர்கோட்டில் 150 கிலோமீட்டர். வழி முழுதும் சொந்த நிலம், கடலோரம். தானியம் கப்பலில் வரலாம். முற்றுகைக் கோபுரத்துக்கு நீண்ட உத்தரங்கள் வேண்டும். அந்த மரம் அப்பகுதியில் அரிது. கடலோர நகரம் என்றால் கப்பலைப் பிரித்து மரம் எடுக்கலாம். 1099இல் ஜெருசலேமைப் பிடிக்கக் கோபுரங்கள் எழுந்ததில் யாப்பாவுக்கு வந்த ஜெனோவாக் கப்பல்களின் மரமும் கருவிகளும் தச்சர்களும் பெரும்பங்கு வகித்தார்கள்.

நகரம் பிடிபட்டால் யாருக்கு என்ற சச்சரவும் குறைவு. ஜெருசலேம் அரசின் எல்லைக்குள் இயல்பாகப் பொருந்தும் இடம் அது. தோற்றாலும் பெரிய சேதமில்லை. மதிலுக்கு வெளியே ஓரிரு நாள் தூரத்திலேயே சொந்தக் கோட்டைகள். சிரியாவின் முஸ்லிம் நகரங்களை ஒன்றுசேர்க்கும் விளைவும் இல்லை.

குறை என்ன? நாள் பிடிக்கும். கடல்பக்கத்தை அடைக்காமல் அஸ்கலோனைப் பட்டினி போட முடியாது. ஜெருசலேம் அரசுக்கு இது புதிய பாடமும் அல்ல: முதலாம் பால்ட்வின் 1111–12 குளிர்காலத்தில் போதிய கப்பற்படை இல்லாமல் தீருவை முற்றுகையிட்டுத் தோற்றார், 1124இல் வெனிசியக் கப்பற்படை வந்தபிறகே அது விழுந்தது. அஸ்கலோனுக்கு எகிப்து ஆண்டுக்குப் பலமுறை ஆள்களையும் உணவையும் அனுப்பி வந்தது.

1153இல் மூன்றாம் பால்ட்வின் உண்மையிலேயே அதை முற்றுகையிட்டபோது என்ன நடந்தது என்பது இந்த வாய்ப்பின் விலைச்சீட்டு. ஜனவரியில் தொடங்கியது. ஈஸ்டருக்கு வந்த யாத்திரிகக் கப்பல்களை வாங்கி, பாய்மரங்களை எடுத்துப் பெரிய கோபுரம் கட்டினார்கள். சீதோன் பிரபு ஜெரார்டின் சிறிய கப்பற்படை கடலைக் காத்தது. ஆனால் எகிப்திலிருந்து 70 அளவு போர்க்கப்பல்கள் வந்ததும் விலகவேண்டியதாயிற்று. நகரத்துக்கு உணவு போய்ச் சேர்ந்தது. ஆகஸ்டில் நகரத்தார் கோபுரத்தின் அடியில் விறகு குவித்துத் தீ வைத்தார்கள். காற்று திசைமாறி இரவு முழுதும் அனல் மதில் பக்கம் அடித்தது. விடியலில் மதிலின் ஒரு பகுதி சரிந்தது. அந்த விரிசலில் புகுந்த டெம்ப்ளர்கள் நாற்பது பேர், அவர்களுடைய தலைவர் உட்பட, மற்றவர் உதவி இல்லாமல் மாட்டிக்கொண்டு மடிந்தார்கள். சில நாளில் நகரம் சரணடைந்தது. மொத்தம் ஏழு மாதம். அதுவும் முற்றுகையின் நடுவில் எகிப்தின் வசீர் (தலைமை அமைச்சர்) இப்னு அஸ்-ஸலார் கொலையுண்டு கெய்ரோ குழம்பிக் கிடந்த ஆண்டில்.

அப்படியானால் 1148இல் 11 வாரத்தில் அஸ்கலோன் விழுந்திருக்குமா? முழுதாக விழுந்திருக்காது என்பதே நியாயமான ஊகம். ஆனால் லூயி மறு ஆண்டு ஈஸ்டர் கழியும்வரை அங்கேயே இருந்தார். மெதுவாக ஆரம்பித்து, கொன்ராட் போனபின்னும் தொடரக்கூடிய வேலை இது ஒன்றுதான்.

டமாஸ்கஸ்: வேகமாக விழுந்தால் மட்டும் லாபம்

'நட்பு நகரம்' என்ற குற்றச்சாட்டை முதலில் பார்த்துவிடலாம். டமாஸ்கஸை ஆண்டவர் பெயரளவில் பூரித் வம்சத்து முஜீருத்தீன் அபக். உண்மையில் அவர் பெயரில் ஆட்சி நடத்திய அதாபெக் (ஆட்சிக் காவலர்) முயீனுத்தீன் உனுர். 1140இல் ஸெங்கிக்குப் பயந்து உனுர் ஜெருசலேமோடு கூட்டுச் சேர்ந்தார். போர்ச்செலவுக்கு மாதம் 20,000 தினார் தருவதாக ஒப்புக்கொண்டு, இருபடைகளும் சேர்ந்து பானியாஸைப் பிடித்து பிராங்குகளிடம் (மேற்கிலிருந்து வந்து அங்கு ஆண்ட கிறிஸ்தவர்களிடம்) ஒப்படைத்தார். நல்ல கூட்டுதான். ஆனால் 1147இல் ஹௌரான் பகுதியில் பொஸ்ராவின் ஆளுநர் அல்துந்தாஷ் உனுருக்கு எதிராகக் கிளம்பி ஜெருசலேமிடம் உதவி கேட்டபோது, பால்ட்வினின் படை ஆசைப்பட்டுப் போய், ஒன்றும் கிடைக்காமல் திரும்பியது. உனுர் உடனே நூருத்தீனை அழைத்தார். தன் மகளையும் அவருக்குக் கட்டிக்கொடுத்தார். ஆக 1148 ஜூனில் டமாஸ்கஸ் பழைய நண்பனும் இல்லை, முழு எதிரியும் இல்லை. அலெப்போ பக்கம் சரிந்துகொண்டிருந்த நகரம். அது நூருத்தீன் கைக்குப் போவதற்குமுன் எடுத்துவிடுவோம் என்பது அவையின் வாதம். 1154இல் நூருத்தீன் டமாஸ்கஸுக்குள் நுழைந்ததைப் பார்த்தால், அந்த அச்சம் பொய்யில்லை.

பரிசும் பெரிது. அக்கோவிலிருந்து 130 கிலோமீட்டர். சொந்தக் கோட்டையான பானியாஸிலிருந்து 60க்குச் சற்று மேல். பவுல் அடிகளின் ஊர் என்பதால் ஐரோப்பிய வீரனுக்குப் பெயர் தெரிந்த இடம். அலெப்போவைப் போன்ற குன்றுக்கோட்டை இல்லை.

ஆனால் இந்த வாய்ப்புக்கு ஒரு கெடு உண்டு. உனுர் கடிதம் எழுதினால் சைஃபுத்தீனும் நூருத்தீனும் ஹோம்ஸ் வரை இறங்கி வருவார்கள். ஹோம்ஸிலிருந்து டமாஸ்கஸ் 140 கிலோமீட்டர். படை நடையில் ஒரு வாரத்துக்குள். முற்றுகைக்கு நாலு வாரம் வேண்டும், கிடைப்பதோ இரண்டு வாரம். இந்த இடைவெளியை அடைக்க ஒரே வழி நேரடித் தாக்குதல். அதற்கு ஏணிகள், கல்லெறி பொறிகள், காலாட்கள் வேண்டும். சில நாளில் நகரம் விழுந்துவிடும் என்று நம்பி உணவையே குறைவாகக் கொண்டுபோனார்கள் என்று பின்னாளில் தீருவின் பேராயரான வரலாற்றாசிரியர் வில்லியம் எழுதுகிறார். பெரிய முற்றுகைப் பொறிகள் நிறுவப்பட்டதாகவும் செய்தி இல்லை.

எச்சரிக்கையும் இருந்தது. 1129 நவம்பரில் இரண்டாம் பால்ட்வின் இதே டமாஸ்கஸ் நோக்கி வந்து, நகரத்திலிருந்து பத்து கிலோமீட்டர் அளவில் மரப்பாலம் என்ற இடத்தில் முகாமிட்டார். தீனி தேடப் போன பெரிய பிரிவு ஒன்றை டமாஸ்கஸ் குதிரைப்படை சூழ்ந்து அழித்தது, பின் பெருமழை, படை திரும்பியது. டமாஸ்கஸில் படையைச் சாய்ப்பது மதிலைவிட வயிறு என்பது பத்தொன்பது ஆண்டுக்கு முன்பே தெரிந்த சேதி.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, நகரம் யாருக்கு என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யாதது. பிளாண்டர்ஸ் கோமகன் தியெரி தனக்குக் கேட்டார். அரசர்கள் இசைந்ததாகத் தெரிகிறது. உள்ளூர்ப் பிரபுக்கள் பெய்ரூத்தின் பிரபு கீயை மனத்தில் வைத்திருந்தார்கள். இந்தப் பேச்சு முற்றுகை நடந்துகொண்டிருக்கும்போதே வெளியே வந்தது. கிடைக்கப்போவது தமக்கில்லை என்று தெரிந்த பிறகு உள்ளூர்க்காரன் எதற்கு உயிரைக் கொடுப்பான்?

இரண்டாவது தேர்வு: மேற்கா, கிழக்கா?

முற்றுகையைக் கெடுத்தது உண்மையில் ஜூலை 27இல் எடுத்த முடிவு. அக்கோ முடிவைவிட இதுவே கூர்ந்து பார்க்கத் தக்கது.

டமாஸ்கஸின் மேற்கிலும் வடக்கிலும் கூத்தா என்னும் தோட்டங்கள். பரதா ஆறு ரப்வா இடுக்கில் மலையை விட்டு வெளியேறிப் பல வாய்க்கால்களாகப் பிரிந்து இவற்றுக்குப் பாய்கிறது. சிலுவைப் படை தாரய்யா வழியாக வந்து, 24ஆம் தேதி சனிக்கிழமை இந்தத் தோட்டங்களுக்குள் நுழைந்தது. காரணம் சரியானதே: தண்ணீர், பழம், மரம் மூன்றும் அங்கேதான், பானியாஸுக்குத் திரும்பும் வழியும் அந்தப் பக்கம்தான்.

விலையும் உண்டு. ஒவ்வொரு தோட்டத்துக்கும் மண்சுவர். இடையே ஒரு பொதிமாடு போகும் அளவே சந்து. சுவரின் துளைகள் வழியே ஈட்டி பாய்ந்தது. காவல் மாடங்களிலிருந்து அம்பு விழுந்தது. அங்குலம் அங்குலமாக முன்னேறி ஆற்றங்கரையை அடைந்தபோது உனுரின் படை கரையைப் பிடித்து நின்றது. கொன்ராடின் ஜெர்மானியர் குதிரையிலிருந்து இறங்கி வாளோடு கால்நடையாகப் போரிட்டு, அன்று மாலை ஆற்றைக் கைப்பற்றினார்கள். போருக்கு வெளியே வந்த முதிய மார்க்க அறிஞர் யூசுப் அல்-ஃபிந்தலாவியும், துறவி அப்துர் ரஹ்மான் அல்-ஹல்ஹூலியும் அன்று கொல்லப்பட்டார்கள். டமாஸ்கஸில் அவர்கள் பெயர் நிலைத்துவிட்டது. நகரத்தார் மேற்குப் பக்கத் தெருக்களில் உத்தரங்களைப் போட்டு அடைக்கத் தொடங்கினார்கள். உள்ளே நம்பிக்கை ஆட்டங்கண்ட ஒரே தருணம் அது.

அடுத்த இரண்டு நாளில் நிலை மாறியது. படை மேற்கில் மட்டும் இருந்ததால் வடக்கு வாசல்கள் திறந்தே கிடந்தன. பெகா பள்ளத்தாக்கிலிருந்து வில்லாளிகளும் பிறரும் அந்த வழியே உள்ளே வந்தார்கள். சிலுவைப் படை மரங்களை வெட்டி முகாமைச் சுற்றி வேலியிட்டுக்கொண்டது. தோட்டத்துக்குள் குதிரை பாய முடியாது, வேலிக்கு வெளியே தலைகாட்டினால் அம்பு. முற்றுகை போட்டவர்களே முற்றுகையில் இருந்தார்கள்.

27ஆம் தேதி தேர்வுகள் மூன்று.

மேற்கிலேயே நிற்பது. தினமும் ஆள் குறையும், நகரம் அடைபடாது. ஆனால் தண்ணீரும் பின்வாங்கும் வழியும் கையில் இருக்கும். ஒரு கணக்குப் போடுங்கள்: கோடை வெயிலில் குதிரை ஒன்றுக்கு நாளுக்கு 35 லிட்டர் தண்ணீர் என்று வைத்து, வெறும் 3,000 குதிரைகள் என்று கொண்டாலும், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். இது ஆற்றங்கரையில் மட்டும் நடக்கும் காரியம்.

கிழக்குக்கு மாறுவது. அங்கே தோட்டமில்லை, குதிரைக்கு வெளி உண்டு, மதில் தாழ்வு, அகழி இல்லை என்று சொல்லப்பட்டது. சொல்லப்படாதது: தண்ணீர் இல்லை, பழம் இல்லை. அதைவிடக் கொடியது, மேற்கை விட்ட மறுநொடி நகரத்தார் தோட்டங்களுக்குள் வந்து, சந்துகளில் கல்லும் மரமும் போட்டு அடைத்து, வில்லாளிகளை நிறுத்திவிடுவார்கள். போனால் திரும்பமுடியாத நகர்வு.

மூன்றாவது, மேற்கில் ஒரு பிரிவை நிறுத்திவிட்டு இன்னொன்றைக் கிழக்குக்கு அனுப்பிச் சோதிப்பது. பாடப்புத்தக விடை இதுதான். ஆனால் முகாமைக் காக்கும் காலாட்கள் அட்டாலியாக் கரையிலேயே போய்விட்டார்கள்.

அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். ஒரே நாளில் தண்ணீரும் உணவும் தீர்ந்தன; கிழக்கு மதில் சொன்ன அளவுக்குப் பலவீனமாகவும் இல்லை. மேற்குக்குத் திரும்ப வழி அடைபட்டிருந்தது. வடக்கிலிருந்து நூருத்தீன் வருகிறார் என்ற செய்தி வேறு. 28 விடியலில் பின்வாங்கத் தொடங்கினார்கள். டமாஸ்கஸ் குதிரை வில்லாளிகள் வழியெல்லாம் துரத்தினார்கள்.

மேற்கிலேயே நின்றபடி உனுரோடு பேரம் பேசியிருக்கலாம் என்பதுதான் இதில் நியாயமான தீர்ப்பு. உனுருக்கு வரப்போகும் உதவியே தலைவலி: சைஃபுத்தீன் தன் ஆட்களை நகரத்துக்குள் விட்டால்தான் போரிடுவேன் என்றார். விட்டால் நகரம் அவருடையது. பிராங்குகளுக்குக் கொடுப்பதா, மோசூலுக்குக் கொடுப்பதா என்று உனுர் தவித்த அந்தச் சில நாளில், பணமும் பழைய உடன்படிக்கையும் கேட்டிருந்தால் கிடைத்திருக்க நல்ல வாய்ப்புண்டு. உனுரும் இதே நூலை மறுமுனையில் பிடித்து இழுத்தார்: நீங்கள் தொடர்ந்தால் நகரத்தை மோசூலிடம் கொடுத்துவிடுவேன், அப்புறம் ஜெருசலேமின் கதி என்ன என்று உள்ளூர் பிராங்குகளுக்குச் சொல்லி அனுப்பினார். மிரட்டல் பலித்தது.

கிழக்கே போகச் சொன்னது யார்? மடத்தலைவர் விபால்டுக்கு எழுதிய கடிதத்தில் கொன்ராட், தாம் சிறிதும் சந்தேகிக்காதவர்கள் மேற்குப் பக்கத்தைப் பிடிக்க முடியாது என்று சொல்லி, நீரும் வழியும் இல்லாத பக்கத்துக்கு வேண்டுமென்றே அழைத்துப் போனார்கள் என்கிறார். உள்ளூர்ப் பிரபுக்களையே அவர் குறிக்கிறார். லஞ்சம், அதுவும் பொன் முலாம் பூசிய செம்புக் காசு என்ற கதையும் பரவியது. வில்லியம் பின்னாளில் விசாரித்தபோது சிலர் தியெரியை, சிலர் ரேமண்டை, சிலர் காசை குற்றம் சொன்னார்கள். முற்றுகையின்போது அவர் படிப்புக்காக ஐரோப்பாவில் இருந்தார். துரோகம் இல்லாமலே இதை விளக்கலாம்: உணவு தீர்ந்துகொண்டிருக்கிறது, தோட்டத்துக்குள் குதிரைப்படை பயனற்றுக் கிடக்கிறது, வெளி உள்ள பக்கத்துக்குப் போவோம் என்று குதிரைவீரன் நினைப்பது இயல்பு.

வரிசைப்படுத்தினால்

ஜூன் 24 அன்று நிற்கும் நிலையில், அந்தப் படைக்கு, முதலிடம் அஸ்கலோனுக்கு. இரண்டாவது, அவையில் யாரும் முன்வைத்ததாகத் தெரியாத ஒன்று: இரண்டு அரசர்களின் படையை எல்லையில் நிறுத்திக் காட்டி, உனுரை நூருத்தீனிடமிருந்து பிரித்து 1140 கூட்டைப் புதுப்பிப்பது. மூன்றாவது டமாஸ்கஸ் முற்றுகை. அலெப்போ நான்காவது, ஏப்ரல் என்றால் முதலாவது.

டமாஸ்கஸைத் தேர்ந்ததால் வந்த நட்டம் மதிலடியில் இறந்தவர்களோடு நிற்கவில்லை. 1149 ஜூன் 29 அன்று இனாப் போரில் நூருத்தீன் அந்தியோக்கியா ரேமண்டைத் தோற்கடித்துக் கொன்றபோது, அவர் பக்கம் டமாஸ்கஸ் வீரர்களும் நின்றார்கள். இருந்தும் உனுர் அதே 1149இல் ஜெருசலேமோடு இரண்டாண்டுப் போர்நிறுத்தம் செய்தார். அந்த மனிதரோடு பேச முடிந்திருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

டமாஸ்கஸ்தான் என்று பிடிவாதமாக இருந்திருந்தாலும் செய்திருக்கக்கூடியவை உண்டு. நகரம் யாருக்கு என்பதை அக்கோவிலேயே எழுதி முத்திரையிட்டிருக்கலாம். குறைந்தது மூன்று வார உணவைத் திபேரியாவிலும் பானியாஸிலும் குவித்து, தொடர்ந்து ஏற்றி அனுப்பும் ஏற்பாட்டோடு கிளம்பியிருக்கலாம். முதல் நாளே வடக்கு வாசல் சாலையில் ஒரு குதிரைப்பிரிவை நிறுத்தியிருந்தால் பெகா வில்லாளிகள் அவ்வளவு எளிதாக உள்ளே வந்திருக்க மாட்டார்கள். குதிரைக்கு வேலையும் கிடைத்திருக்கும். ரேமண்டைக்கொண்டு வடக்கில் அலெப்போ எல்லையைச் சீண்டவைத்திருந்தால் நூருத்தீன் ஹோம்ஸ் வரை வந்திருப்பாரா என்பதே சந்தேகம். அதற்கு லூயி ரேமண்டுக்குக் கடிதம் எழுதவேண்டும். எழுதுகிற நிலையில் அவர் இல்லை.

டமாஸ்கஸிலிருந்து திரும்பியதும், இம்முறை அஸ்கலோன் என்று தீர்மானம் ஆயிற்று. குறித்த இடத்துக்குக் கொன்ராட் போனார். எட்டு நாள் காத்திருந்தார். மற்றவர்கள் வரவில்லை.